ஓர் எழுத்துப்பிழைக்கு ஆயிரம் வரி: திறந்தமூலம் பற்றி வாசகர் கேள்விகள்

திறந்தமூலத் திட்டம் ஒன்றில் (நிரலை யாரும் பார்க்கவும் திருத்தவும் உரிமம் தரும் மென்பொருளில்) பங்களிக்க ஆசை. எதில் தொடங்குவது? (மாணவி, செந்தூல்)

நீங்கள் அன்றாடம் பயன்படுத்தும் மென்பொருளில். புதியவர்களுக்கான எளிய வேலைகளுக்கு ஒட்டும் ‘குட் ஃபர்ஸ்ட் இஷ்யூ’ என்ற லேபிளைத் தேடினால் நிறையக் கிடைக்கும். ஆனால் பிரபலமான திட்டங்களில் அந்த லேபிள் ஒட்டிய சூட்டோடு நாலு பேர் துண்டு போட்டிருப்பார்கள். போன வாரம் உங்களை எரிச்சலூட்டிய பிழை ஏதாவது இருக்குமே, அதை எடுங்கள். முதலில், பங்களிப்பு விதிகளைச் சொல்லும் கான்ட்ரிப்யூட்டிங் கோப்பைப் படியுங்கள்.

நிரல் எழுதத் தெரியாது, தமிழ் தெரியும். இடமுண்டா? (ஆசிரியர், பட்டர்வொர்த்)

தாராளமாக. மென்பொருளில் வரும் வாக்கியங்களைத் தமிழாக்கலாம். அதற்கான தளங்கள்: லிப்ரே ஆபிஸுக்கு வெப்லேட், ஃபயர்ஃபாக்ஸுக்குப் பொன்டூன். இரண்டும் உலாவியிலேயே ஓடும். மூல வாக்கியத்தில் சதவீதக் குறியை ஒட்டி ஓர் எழுத்து நின்றால் அதில் கை வைக்காதீர்கள். கோப்பின் பெயரோ எண்ணோ வந்து உட்காரும் இடம் அது. அப்படி இரண்டு இருந்து, தமிழில் அவை முன்பின்னாக மாறினால், சி நிரல்மொழித் திட்டங்களில் சதவீதக் குறிக்கும் எழுத்துக்கும் நடுவே 1$, 2$ என்று மூல வரிசை எண்ணைப் போடவேண்டும். மறந்தால் கோப்பு இருக்கவேண்டிய இடத்தில் கோப்புறை நிற்கும். ‘ஃபஸி’ (சரிபார்க்க வேண்டியது) குறி விழுந்த வரி மென்பொருளில் சேராது. சரிபார்த்துக் குறியை எடுத்துவிடுங்கள்.

இன்னொன்று: நாம் மலேசியாவில் 1,000,000 என்றுதான் எழுதுகிறோம். சென்னை மாதிரியைப் பார்த்து 10,00,000 என்று கமா போடவேண்டாம். மலேசியத் தமிழுக்குத் தனி வட்டாரக் குறியீடே இருக்கிறது.

நான் அனுப்பிய மாற்றத்தில் டிசிஓ சோதனை (அனுப்ப எனக்கு உரிமை உண்டு என்ற உறுதிமொழியைத் தேடுவது) சிவப்பாகவே இருக்கிறது.

கமிட்டில் (கிட் என்ற பதிப்பு மேலாண்மைக் கருவியில் பதிந்த மாற்றத்தில்) அந்த உறுதிமொழியான ‘சைன்டு ஆஃப் பை’ வரி இல்லை. கடைசி கமிட்டை அமெண்ட் செய்யும்போது (திருத்திப் பதியும்போது) ‘-எஸ்’ சேருங்கள், பிறகு ஃபோர்ஸ் புஷ் (தளத்தில் உள்ள பழையதன் மேலேயே எழுதி அனுப்புவது). கமிட்டில் உள்ள மின்னஞ்சலும் அந்த வரியில் உள்ளதும் ஒன்றாக இருக்கவேண்டும். கான்ட்ரிப்யூட்டிங் கோப்பில் பெரும்பாலும் இது எழுதியிருக்கும்.

ஓர் எழுத்துப்பிழையைத்தான் திருத்தினேன். அதைச் சேர்க்கச் சொல்லி அனுப்பிய கோரிக்கையை ஒரு வார்த்தை பேசாமல் மூடிவிட்டார்கள். இது திமிரில்லையா? (பொறியாளர், பிரிக்ஃபீல்ட்ஸ்)

நீங்கள் அனுப்பிய படத்தில் பச்சையில் (சேர்த்தவை) ஆயிரத்துச் சொச்சம் வரி, சிவப்பில் (நீக்கியவை) ஆயிரத்துச் சொச்சம் வரி. ஓர் எழுத்துக்கு! அனுப்புமுன் அதை நீங்களே ஒரு தடவை பார்த்திருக்கவேண்டாமா?

காரணம் இரண்டில் ஒன்று. சேமிக்கும்போதே உங்கள் எடிட்டர் கோப்பு முழுவதையும் தன் விருப்பப்படி அடுக்கியிருக்கும். அல்லது விண்டோஸில் வரிமுடிவு (வரி முடிவதைக் காட்டும் மறைகுறி) எல்எஃப்பிலிருந்து சிஆர்எல்எஃப் ஆகியிருக்கும். வெற்றிட மாற்றங்களை விட்டுவிட்டு மற்றதைக் காட்டும் ‘கிட் டிஃப் -டபிள்யூ’ போட்டுப் பாருங்கள். ஒரே வரி மிஞ்சினால் கோளாறு வெற்றிடத்திலும் வரிமுடிவிலும்தான். இப்படியே இணைத்தால், எந்த வரியைக் கடைசியாக யார் மாற்றினார் என்று காட்டும் கிட் பிளேமில் வரிக்கு வரி உங்கள் பெயர் வரும், அந்தக் கோப்பைத் தொட்ட மற்ற கோரிக்கைகள் எல்லாம் மோதும். ஓய்வு நேரத்தில் உழைக்கும் பராமரிப்பாளர் இதற்குள் அந்த ஓர் எழுத்தைத் தேடவேண்டுமா?

பழைய பிராஞ்சில் (கிளையில்) ஃபோர்ஸ் புஷ் செய்யாதீர்கள். மூடிய கோரிக்கையில் அப்படிச் செய்தால் கோரிக்கைகள் இருக்கும் கிட்ஹப் தளம் மறுபடி திறக்க விடாது. மூலத் திட்டத்தின் மெயினிலிருந்து (முதன்மைக் கிளையிலிருந்து) புது பிராஞ்ச் எடுங்கள். எடிட்டரில் ‘ஃபார்மேட் ஆன் சேவ்’ வசதியை அணையுங்கள். விண்டோஸ் என்றால் கிட்டின் கோர் ஆட்டோசிஆர்எல்எஃப் அமைப்பை ‘ட்ரூ’ ஆக்குங்கள். திருத்திய பின் ‘கிட் ஆட் -பி’. மாற்றங்களைத் துண்டு துண்டாகக் காட்டி, சேர்க்கவா என்று கேட்கும். உங்களுடையதற்கு மட்டும் ‘ஒய்’.

2020 அக்டோபரில், திறந்தமூலத்துக்குப் பங்களித்தவர்களுக்குப் பரிசளித்த ஹாக்டோபர்ஃபெஸ்ட் நிகழ்வின் டி-சட்டைக்காக ரீட்மி (திட்ட அறிமுகக்) கோப்புகளில் ‘அமேசிங் ப்ராஜெக்ட்’ என்று ஒட்டி அனுப்பிய கூட்டத்தை யாரும் மறக்கவில்லை. அந்த மாதமே விதியை மாற்றி, சம்மதித்த களஞ்சியங்களை (திட்டங்களின் நிரல் இருப்பிடங்களை) மட்டும் கணக்கில் எடுத்தார்கள். குப்பையைச் சட்டென்று மூடும் பழக்கம் திமிரில்லை, தற்காப்பு.

கோரிக்கை அனுப்பி மூன்று நாளாகப் பதில் இல்லை.

மூன்று நாளா? இரண்டு வாரம் பொறுத்து ஒரே ஒரு நினைவூட்டல் போடுங்கள். பல திட்டங்களில் முதல்முறை அனுப்புபவரின் தானியங்கிச் சோதனைகள் பராமரிப்பாளர் அனுமதித்த பிறகே ஓடும். ஓடவில்லையே என்று பதறவேண்டாம்.

பாயான் லெப்பாஸில் வேலை. வேலை நேரத்தில் எழுதிய நிரலைத் திறந்தமூலத்துக்குக் கொடுக்கலாமா?

கேட்காமல் கொடுக்காதீர்கள். மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 26ஆம் பிரிவுப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், வேலையின் பகுதியாக எழுதியது முதலாளிக்கே உரியது. எழுத்தில் அனுமதி வாங்குங்கள். கொடுக்குமிடத்தில் லைசென்ஸ் (உரிமக்) கோப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். களஞ்சியம் பொதுவில் கிடப்பதால் மட்டும் அது திறந்தமூலம் ஆகிவிடாது.

ஏபிஐ சாவி (ஒரு சேவையை நம் பெயரில் பயன்படுத்தவிடும் ரகசியக் குறியீடு) இருந்த கோப்பைத் தவறிப்போய் புஷ் செய்துவிட்டேன். அடுத்த கமிட்டில் நீக்கிவிட்டேன், போதும்தானே?

போதாது. பழைய கமிட்டில் அப்படியே இருக்கிறது, ஃபோர்க் (தனக்கென ஒரு நகல்) எடுத்தவரிடமும் இருக்கும். வரலாற்றைக் கழுவுவதெல்லாம் அப்புறம். இதைப் படித்து முடிப்பதற்குள் சாவியை ரத்து செய்யுங்கள்.