எங்கள் ஊருக்குப் பக்கத்தில் ரசாயன ஆலை வரப்போகிறது. கருத்துக் கேட்புக் கூட்டத்துக்குப் போவதில் பயன் உண்டா, புறக்கணிப்பதுதான் சரியா?

போங்கள். ஊரோடு போங்கள். புறக்கணிக்க வேண்டாம்.

கூட்டத் தேதியை நாளிதழில் அறிவித்துவிட்டார்கள் என்றும், "எல்லாம் முன்னாடியே பேசி முடித்துவிட்டார்கள், நாம் போய் உட்கார்ந்தால் சம்மதித்த மாதிரி ஆகிவிடும்" என்று ஊரில் பாதிப் பேர் சொல்கிறார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஆலையால் சுற்றுச்சூழலுக்கு என்ன ஆகும் என்று நிறுவனங்கள் கொடுக்கும் அறிக்கையை, ஆலை எதிர்ப்பில் இருக்கும் ஊர்களுக்குப் படித்துச் சொல்லும் வேலையைச் சில வருடங்களாகச் செய்துவருகிறேன். இந்தப் பேச்சைக் கேட்காத ஊர் இல்லை. கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தக் கோபம் வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டால் லாபம் ஆலைக்காரர்களுக்குத்தான்.

ஏன் என்று சொல்கிறேன். இந்தக் கூட்டங்கள் 2006 செப்டம்பரில் வந்த சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி நடக்கின்றன. கூட்டம் தொடங்க இத்தனை பேர் வந்திருக்க வேண்டும் என்ற கணக்கே அதில் கிடையாது. நீங்கள் வராவிட்டாலும் வந்த நாலு பேரை வைத்துக் கூட்டம் நடந்து முடிந்ததாக எழுதிவிடலாம். நாற்காலியை உடைத்துக் கூட்டத்தை நிறுத்தினால் ஜெயித்துவிட்டோம் என்று நினைப்பவர்களும் உண்டு. உள்ளூர் நிலைமை சரியில்லை, மக்கள் சுதந்திரமாகக் கருத்துச் சொல்ல முடியாது என்று நடத்தும் அதிகாரிகள் எழுதிக் கொடுத்தால், கூட்டமே இல்லாமல் அடுத்த கட்டத்துக்குப் போகவும் அதே அறிவிக்கையில் வழி வைத்திருக்கிறார்கள். ரகளை நடந்த ஊருக்கு இன்னொரு கூட்டம் கிடைக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அங்கே வாக்கெடுப்பு கிடையாது. வந்திருப்பவர்கள் எல்லோரும் ஒரே குரலில் வேண்டாம் என்றாலும் அனுமதி கொடுக்கச் சட்டத்தில் தடை இல்லை. பலர் மனம் விட்டுப்போவது இந்த இடத்தில்தான். அப்படியானால் கூட்டத்தின் பலம் எதில் இருக்கிறது? அங்கே எழும் முக்கியமான பிரச்சினைகளுக்கு ஆலை நிறுவனம் தன் இறுதி அறிக்கையில் பதில் எழுத வேண்டும். நிபுணர் குழு அதையெல்லாம் பரிசீலித்த பிறகே அனுமதிக்குப் பரிந்துரைக்க வேண்டும். பதில் மழுப்பலாக இருந்தாலோ, குழு அதைத் திரும்பிப் பார்க்காமலே பரிந்துரைத்தாலோ, பிறகு பசுமைத் தீர்ப்பாயத்தில் பிடித்துக்கொள்ள உங்களுக்கு அது ஒரு நல்ல பிடி. ஆக, பதில் சொல்லியே ஆக வேண்டிய மாதிரி ஒரு விஷயத்தைப் பதிவு செய்கிறோமா என்பதுதான் கேள்வி. "எங்கள் மண்ணை நாசமாக்காதே" என்று உருக்கமாகப் பேசினால் கைதட்டல் கிடைக்கும். அதற்கு நிறுவனம் எழுதும் பதில், "அனைத்து விதிமுறைகளும் கடைப்பிடிக்கப்படும்" என்ற ஒரு வரி. உங்கள் ஊர்க் குளத்தின் பெயரைச் சொல்லி, அது அறிக்கையின் வரைபடத்தில் ஏன் இல்லை என்று கேட்டால் அந்த ஒரு வரி போதாது.

அதனால் முதல் வேலை வரைவு அறிக்கையைக் கையில் வாங்குவது. கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்னதாக அறிவிப்பு வந்திருக்க வேண்டும். ஆட்சியர் அலுவலகம், உள்ளாட்சி அலுவலகம், மாவட்டத் தொழில் மையம் ஆகிய இடங்களில் பொதுமக்கள் பார்வைக்கு அறிக்கை வைத்திருக்க வேண்டும். தமிழில் இருப்பது பெரும்பாலும் சுருக்கம் மட்டும்தான். முழு அறிக்கை ஆங்கிலத்தில், நூற்றுக்கணக்கான பக்கங்களில் இருக்கும். பயப்பட வேண்டாம். ஊரில் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளையும் விவசாயம் தெரிந்த பெரியவர்களையும் ஒரே திண்ணையில் உட்கார வையுங்கள். பிள்ளைகள் படித்துச் சொல்லட்டும், பெரியவர்கள் அது சரியா தப்பா என்று சொல்லட்டும். நான் பார்த்தவரை இதைவிட நல்ல ஆய்வுக்குழு அமைவதில்லை.

இந்த அறிக்கையைத் தயாரிப்பது ஆலை நிறுவனம் காசு கொடுத்து அமர்த்தும் ஆலோசனை நிறுவனம். அதில் நல்லவர்களும் உண்டு, வேறொரு ஆலைக்கு எழுதியதில் ஊர்ப்பெயரை மட்டும் மாற்றுபவர்களும் உண்டு. மகாராஷ்டிராவின் ரத்னகிரிப் பகுதியில் ஒரு பாக்சைட் சுரங்கத்துக்குக் கொடுத்த அறிக்கையில் ரஷ்யச் சுரங்கம் ஒன்றின் அறிக்கையிலிருந்து பத்தி பத்தியாக எடுத்துப் போட்டிருந்தார்கள். கொங்கண் கடற்கரையில், குளிர் நாடுகளில் வளரும் ஸ்ப்ரூஸ் மரக் காடுகளும் பிர்ச் மரக் காடுகளும் இருப்பதாக எழுதியிருந்தது அப்படித்தான் வெளியே தெரிந்தது. உங்கள் அறிக்கையில் தாவரங்கள், பறவைகள், மீன்களின் பட்டியலை ஒருமுறை ஊர்க்காரர்களிடம் வாசித்துக் காட்டுங்கள். உங்கள் பக்கம் யாரும் பார்த்திராத மரம் அதில் இருந்தால் அந்தப் பக்கத்தை மடித்து வையுங்கள்.

அடுத்து, காற்று. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பெரும்பாலான அறிக்கைகளில் ஒரே ஒரு பருவத்துக்குத்தான், அதாவது மூன்று மாதத்துக்குத்தான், காற்றையும் நீரையும் அளந்திருப்பார்கள். மழைக்காலத்தைத் தவிர்த்துவிட்டு, பல நேரம் மார்ச் முதல் மே வரை. ஒரு கூட்டத்தில் நான் பின்வரிசையில் இருந்தேன். வயதான ஓர் அம்மா மைக்கைப் பிடித்து, "ஐயா, நீங்க அளந்தது சித்திரை வைகாசியில. அப்ப காத்து எங்க ஊரை விட்டு வெளிய போகும். ஐப்பசியில வாடை எடுத்தா உங்க புகை மொத்தமும் எங்க தெருவுக்குத்தான் வரும். அதை அளந்தீங்களா?" என்று கேட்டார். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. மேடையில் இருந்த ஆலோசகர் காகிதங்களைப் புரட்டினார், பக்கத்தில் இருந்தவரிடம் குனிந்து ஏதோ கேட்டார், "குறித்துக்கொள்கிறோம்" என்றார். அந்தக் கேள்வி அப்படியே பதிவேட்டில் ஏறியது. பிறகு நிபுணர் குழு வாடைக்காலத்துக்கும் அளந்து கொண்டுவரச் சொன்னது. முழங்கிப் பேசிய தலைவர்கள் அன்றைக்கு நிறையப் பேர். அவர்கள் பேச்சில் எதுவும் குழுவின் கேள்வியாக மாறவில்லை.

உங்கள் ஊரில் வாடையும் கொண்டலும் மேல்காற்றும் எந்த மாதத்தில் எந்தத் தெரு மேல் அடிக்கும் என்பது உங்களுக்குத்தான் தெரியும். அறிக்கையில் காற்றுத் திசையைக் காட்டும் வரைபடம் இருக்கும், காற்று மாதிரி எடுத்த இடங்களின் பட்டியலும் இருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். காற்று அடிக்கும் பக்கத்து ஊர்களில் மாதிரி எடுத்தார்களா, இல்லை ஆலைக்கு முதுகுப் பக்கம் எடுத்தார்களா என்பது அங்கேயே தெரிந்துவிடும். தண்ணீருக்கும் இதே முறைதான். ஆலையைச் சுற்றிப் பத்து கிலோமீட்டர் வரை ஆய்வுப் பகுதி என்பார்கள். அந்த வட்டத்துக்குள் உள்ள ஏரி, ஓடை, பாசனக் கிணறு, மழைக்காலத்தில் மட்டும் ஓடும் வாய்க்கால் எல்லாவற்றையும் உங்கள் கணக்கில் எழுதி, அறிக்கையின் கணக்கோடு ஒப்பிடுங்கள். கோடையில் பார்த்துவிட்டு, வறண்ட ஓடையைத் தரிசு என்று எழுதியிருக்க வாய்ப்பு உண்டு.

"வரம்புக்குள் இருக்கிறது" என்ற சொல் அறிக்கை முழுக்க வரும். அதில் மயங்க வேண்டாம். நுண்துகளில் மிகச் சிறியதான பிஎம் 2.5-க்கு நம் நாட்டில் 24 மணி நேர வரம்பு கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம். உலக சுகாதார அமைப்பு 2021-ல் சொன்னது 15. உதாரணத்துக்கு, இப்போது உங்கள் ஊரில் 50 இருக்கிறது, ஆலை 6 சேர்க்கும் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 56, ஆகவே வரம்புக்குள் என்று எழுதிவிடுவார்கள். பக்கத்தில் வரப்போகும் இன்னொரு ஆலையின் பங்கை அதில் சேர்த்தார்களா என்று கேளுங்கள். சாலையில் ஓடப்போகும் லாரிகளின் புகையையும் கேளுங்கள்.

ஆலையின் பழைய கதையைத் தோண்டுவதும் முக்கியம். இதே நிறுவனம் இதற்கு முன் எங்கே கட்டப் பார்த்தது, அங்கே என்ன ஆயிற்று? ஸ்டெர்லைட் தாமிர உருக்காலை முதலில் ரத்னகிரியில்தான் கட்டத் தொடங்கியது. மாம்பழ விவசாயிகள் உட்பட அந்தப் பகுதி மக்கள் எதிர்த்தார்கள், 1993-ல் அங்கே கட்டுமானம் நின்றது. அடுத்த வருடமே தூத்துக்குடியில் அடிக்கல் நாட்டினார்கள். கொடைக்கானலின் பாதரசத் தெர்மாமீட்டர் ஆலையும் நியூயார்க் மாநிலத்து வாட்டர்டவுனிலிருந்து 1980-களில் இங்கே வந்ததுதான். பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு பழைய இரும்புக் கடையில் கிடப்பதை ஊர் மக்கள் வெளிக்கொண்டுவந்த பிறகு, 2001-ல் மூடினார்கள். ஓர் ஊர் வேண்டாம் என்று அனுப்பியது நம் ஊருக்கு வருகிறதா என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

"இது தொழிற்பேட்டைக்குள் வருகிறது, கருத்துக் கேட்பே தேவையில்லை" என்று யாராவது சொன்னாலும் சும்மா விடாதீர்கள். தொழிற்பேட்டைக்கே முறையாகச் சுற்றுச்சூழல் அனுமதி இருந்தால்தான் அந்த விலக்கு கேட்க முடியும். ஸ்டெர்லைட் விரிவாக்கத்தில் இதே பிரச்சினைதான். தூத்துக்குடித் துப்பாக்கிச் சூட்டில் மக்கள் உயிரிழந்த 2018 மே 22-க்கு மறுநாள்தான், மக்களிடம் கருத்துக் கேட்க வேண்டும் என்று சொல்லி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை விரிவாக்கப் பணியை நிறுத்தியது. அந்தக் கேட்பு காலத்தில் நடந்திருந்தால் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனத்துப் போகிறது.

சரி, கூட்டத்தன்று. பேசப்போவதை எழுத்தில் மனுவாகவும் கொடுத்து, ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். ஆட்கள் பிரித்துக்கொண்டு பேசுங்கள். ஒருவர் தண்ணீர், ஒருவர் காற்று, ஒருவர் நிலம், ஒருவர் கழிவு எங்கே போகும் என்பது. பெண்கள் கட்டாயம் பேச வேண்டும், கிணற்றையும் பிள்ளைகளின் இருமலையும் தினம் பார்ப்பவர்கள் அவர்கள்தான். அரசு வீடியோ எடுக்கும், நீங்களும் எடுங்கள். முக்கியமான ஒன்று, கடைசி வரை இருங்கள். நடந்ததன் சுருக்கத்தைக் கூட்ட முடிவில் உள்ளூர் மொழியில் படித்துக் காட்ட வேண்டும் என்று விதி இருக்கிறது. அந்த நேரத்தில் பந்தலில் பாதிக்கு மேல் காலியாகியிருக்கும். நீங்கள் சொன்னது விடுபட்டிருந்தால் அங்கேயே எழுந்து கேட்க ஆள் வேண்டும். பதிவின் நகலையும் கேளுங்கள்.

ஆலை வரட்டும் என்று நினைப்பவர்களும் உங்கள் ஊரிலேயே இருப்பார்கள். அவர்களைக் கைக்கூலி என்று திட்ட வேண்டாம். வேலை இல்லாத மகனை வைத்துக்கொண்டு கவலைப்படும் தகப்பனுக்கு அது உண்மையான கவலை. அவருக்காகவும் ஒரு கேள்வி கேளுங்கள்: நிரந்தர வேலை எத்தனை, ஒப்பந்த வேலை எத்தனை, என்ன படிப்புக்கு, கட்டுமானம் முடிந்தபின் எத்தனை மிஞ்சும்? அந்த எண்கள் அறிக்கையில் இருக்கும். அதைக் கேட்ட பிறகு மனம் மாறியவர்களையும் பார்த்திருக்கிறேன், மாறாதவர்களையும் பார்த்திருக்கிறேன். எதுவானாலும் ஊர் இரண்டாகிவிடக் கூடாது. இது பல வருடம் இழுக்கும் வேலை.

கிராம சபைத் தீர்மானம் போட்டால் போதுமா என்று கேட்டிருந்தீர்கள். போடுங்கள், மனுவோடு இணையுங்கள், அதை மட்டும் நம்ப வேண்டாம். ஒடிசாவின் நியாம்கிரியில் 2013-ல் 12 கிராம சபைகள் பாக்சைட் சுரங்கம் வேண்டாம் என்று சொன்னது பலித்தது, காட்டில் வாழும் மக்களுக்கான வன உரிமைச் சட்டம் பின்னால் இருந்ததால். உங்கள் நிலம் அந்தச் சட்டத்துக்குள் வராவிட்டால் தீர்மானத்துக்கு அந்த வலு இருக்காது.

கூட்டத்துக்குப் பிறகு, சுற்றுச்சூழல் அனுமதிகளுக்கான அரசின் பரிவேஷ் இணையதளத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க ஒருவரை நியமியுங்கள். நிபுணர் குழுவின் கூட்டக் குறிப்புகள் அங்கே வரும். அனுமதி கொடுத்துவிட்டால், தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்ய 30 நாள்தான் இருக்கிறது. தக்க காரணம் காட்டினால் இன்னும் 60 நாள் வரை நீட்டிப்பார்கள், அதற்கு மேல் கதவு மூடிவிடும். சத்தீஸ்கரின் ராய்கர் மாவட்டத்தில் நிலக்கரிச் சுரங்கம் ஒன்றுக்காக 2008 ஜனவரியில் தடியடிக்கு நடுவே கூட்டம் நடத்தினார்கள். அங்கிருந்த மக்கள் விடவில்லை. கருத்துக் கேட்பு முறையாக நடக்கவில்லை என்று பசுமைத் தீர்ப்பாயம் 2012-ல் அந்தச் சுரங்கத்தின் அனுமதியை ரத்து செய்தது.

அறிக்கை கிடைத்ததும், காற்று மாதிரி எடுத்த இடங்களின் பட்டியலையும் நீர்நிலை வரைபடத்தையும் இந்தக் கேள்வியின் கீழே படமாகப் போடுங்கள். நானும் படித்துப் பார்த்து, எங்கே கேள்வி கேட்கலாம் என்று எழுதுகிறேன். கூட்டத்துக்கு இன்னும் எத்தனை நாள் இருக்கிறது என்பதையும் மறக்காமல் குறிப்பிடுங்கள்.