எல்லாவற்றையும் செய்ய எனக்குப் பெலனுண்டா?

கேள்வி: என் கணவர் நீண்ட காலமாக நோய்ப்படுக்கையில் இருக்கிறார். வேலை, கடன், பிள்ளைகள் எல்லாவற்றையும் நான் ஒருத்தியே சுமக்கிறேன். "என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு" என்ற வசனத்தைத் தினமும் சொல்லியும் சோர்வு நீங்கவில்லை. விசுவாசம் போதவில்லை என்று சபையில் சிலர் சொல்கிறார்கள். வேதத்திலிருந்து நான் எப்படித்தான் பெலன் பெறுவது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புச் சகோதரி, உங்கள் விசுவாசத்தை அளந்து பார்த்தவர்களுக்கு யோபின் புத்தகமே பதில் சொல்லியிருக்கிறது. தான் பிறந்த நாளையே சபித்துப் புலம்பிய யோபுவை அல்ல, அவனுடைய துன்பத்துக்கு அவனையே காரணமாக்கிய நண்பர்களைத்தான் கர்த்தர் கடைசியில் கடிந்துகொண்டார் (42:7). ஆகவே அந்தப் பேச்சை மனத்தில் ஏற்றிக்கொள்ள வேண்டாம்.

நீங்கள் குறிப்பிட்ட வசனம் பிலிப்பியர் 4:13. அதைத் தனியாகப் பிரித்தெடுத்துச் சொல்லும்போது, எதையும் சாதிக்கும் ஆற்றலை அது வாக்களிப்பதுபோலத் தோன்றும். அந்த ஆற்றல் நம்மிடம் காணப்படாதபோது குற்றவுணர்வுதான் மிஞ்சும். ஆனால் கட்டுண்ட நிலையில் அந்த நிருபத்தை எழுதிய பவுல், அதற்கு முந்தைய வசனத்தில், திருப்தியாயிருக்கவும் பட்டினியாயிருக்கவும், பரிபூரணமடையவும் குறைவுபடவும் தாம் போதிக்கப்பட்டதாகச் சொல்கிறார். அப்படியானால் 'எல்லாம்' என்பது வெற்றிகளின் பட்டியல் அன்று. குறைவுபட்ட நாளையும் கடந்துபோவதே அதில் அடங்கியிருக்கிறது. நீங்கள் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறீர்கள்.

13ஆம் வசனத்தைச் சுவரில் மாட்டுகிறவர்கள் 14ஆம் வசனத்தை ஏனோ விட்டுவிடுகிறார்கள். "ஆனாலும், நீங்கள் என்னுடனே உபத்திரவத்தில் உடன்பட்டது நலமாயிருக்கிறது" என்று பவுல் உடனே எழுதுகிறார். பிலிப்பி சபையார் அனுப்பியவற்றை எப்பாப்பிரோதீத்துவின் கையால் பெற்றுக்கொண்டதையும் 18ஆம் வசனத்தில் மறைக்காமல் சொல்கிறார். கிறிஸ்து தந்த பெலனைப் பற்றிப் பேசிய அதே மூச்சில் மனிதர்கள் செய்த உதவியையும் அவர் ஏற்றுக்கொண்டார். உங்கள் சபையிலும் "ஜெபித்துக்கொள்ளுங்கள்" என்று பொதுவாகச் சொல்வதை விட, வாரத்தில் ஓர் இரவு நோயாளியின் அருகில் இருக்க ஒருவர் வேண்டும் என்று போதகரிடம் நேராகக் கேளுங்கள். இது விசுவாசக் குறைவு ஆகாது.

எலியாவின் கதையையும் ஒருமுறை நிதானமாகப் படியுங்கள் (1 இராஜாக்கள் 19). சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, சாக வேண்டும் என்று கேட்ட தீர்க்கதரிசியைத் தேவதூதன் கண்டிக்கவில்லை. அவன் தலைமாட்டில் தழலில் சுடப்பட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் இருந்தன. அவன் சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டான். தூதன் இரண்டாந்தரம் வந்து, "எழுந்திருந்து போஜனம்பண்ணு, நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்" என்றான். கர்த்தர் அவனோடு பேசியதெல்லாம் அதற்குப் பிறகுதான். நீங்கள் சரியாகச் சாப்பிட்டு, தூங்கி எத்தனை நாளாயிற்று என்பதை நான் அறியேன். ஆனால் வேதவாசிப்புக்கு முன்னால் அதைக் கவனியுங்கள். சாகலாம் என்ற எண்ணம் உங்களுக்கும் வருகிறதென்றால், இன்றைக்கே ஒரு மருத்துவரிடம் சொல்லுங்கள்.

ஜெபிக்க வார்த்தை வராத நாட்களில் 13ஆம் சங்கீதத்தை வாய்விட்டு வாசியுங்கள். முதல் இரண்டு வசனங்களுக்குள் நான்கு முறை "எதுவரைக்கும்" என்று கேட்கும் அந்தச் சங்கீதம் பாடலில் முடிகிறது. அந்த முடிவு உங்களுக்கு இன்னும் ஒட்டவில்லை என்றால் 88ஆம் சங்கீதத்துக்குச் செல்லுங்கள்; அது கடைசி வரி வரையிலும் முறையீடாகவே நிற்கிறது. அதுவும் வேதத்தில்தான் இருக்கிறது.

கேள்வி: துன்ப நேரத்தில் ஆறுதலுக்காக வேதத்தை முதலிலிருந்து வாசிக்கத் தொடங்கி, லேவியராகமத்தில் நின்றுவிட்டேன். என்ன செய்வது?
– ஒரு வாசகர்

பதில்: பலரும் நிற்கிற இடம்தான் அது. இப்போதைக்கு அதை விட்டுவிட்டு மாற்கு சுவிசேஷத்தை எடுங்கள். நான்கு சுவிசேஷங்களில் மிகச் சிறியது, 16 அதிகாரங்களே. ஒரு நாளைக்கு ஓர் அதிகாரம் போதும்.