வாசகர் கேள்வி பதில்: படிக்க வைத்தவருக்கு விசுவாசத்திலும் பங்கு உண்டா?

கேள்வி: வெளிநாட்டில் ஒருவர் கொடுத்த நன்கொடையால் என் மகளுக்குக் கிறிஸ்தவப் பள்ளியில், விடுதியோடு சேர்த்து, உதவித்தொகை கிடைத்திருக்கிறது. நாங்கள் சைவக் குடும்பம். பிள்ளை மதம் மாறிவிடுவாள் என்று மாமியார் அழுகிறார். அனுப்பலாமா?
- ஒரு வாசகி, தென்காசி

பதில்: அனுப்புங்கள். மாமியாருக்கு யாழ்ப்பாணத்துக் கதையைச் சொல்லுங்கள். அமெரிக்க மிஷனரிகள் 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரி என்ற உயர்கல்விப் பள்ளியைத் தொடங்கியபோது, அமெரிக்காவில் இருந்த சாதாரண சபை மக்கள் ஆளுக்கொரு பிள்ளையின் செலவை ஏற்றுக்கொண்டார்கள், பதிலுக்குத் தாங்கள் விரும்பிய பெயரையே அந்தப் பிள்ளைக்கு வைக்கவும் செய்தார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் இருக்க, முகம் பார்க்காத ஒருவர் இன்னொரு பெயர் வைப்பது எனக்கு இன்றைக்கும் வலிக்கிற விஷயம். ஆனால் அங்கே படித்து வந்தவர்களைப் பாருங்கள். ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை கடைசிவரை கிறிஸ்தவராக வாழ்ந்து, உதயதாரகை பத்திரிகைக்கு ஆசிரியராக இருந்து, தமிழ்ப் புலவர்களின் வரலாற்றைத் தொகுத்தார். சி.வை. தாமோதரம்பிள்ளை கிறிஸ்தவ வீட்டில் பிறந்து, அதே செமினரியில் படித்து, சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் இருவரில் ஒருவராகி, பிறகு சைவராக மாறி கலித்தொகையை அச்சில் ஏற்றினார். ஒரே பள்ளி, ஒரே மாதிரி ஜெபம், போன வழி மட்டும் வேறு.

இதில் வருத்தம் என்னவென்றால், அமெரிக்காவிலிருந்து வந்த குழு படிப்புக்குச் செலவழித்த அளவுக்கு ஆள் மாறவில்லை என்று கணக்குப் பார்த்தது, 1855இல் செமினரியை மூடிவிட்டார்கள். ஊர்க்காரர்களே மறுபடியும் கல்லூரி வேண்டும் என்று கேட்டு, 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரி வந்தது. தலை எண்ணுவதற்காகக் கொடுக்கிற பணம் பாதியில் நின்றுவிடும், பிள்ளைக்காகக் கொடுக்கிற பணம் நிற்காது என்பது என் எண்ணம்.

அப்புறம் ஒன்று. அரசு அங்கீகாரமோ நிதியுதவியோ பெற்ற பள்ளி எதுவானாலும், அரசியலமைப்பின் 28(3) பிரிவுப்படி, மைனர் பிள்ளையைப் பெற்றோர் அல்லது காப்பாளர் சம்மதம் இல்லாமல் மத போதனைக்கோ வழிபாட்டுக்கோ கட்டாயப்படுத்தக் கூடாது. அந்தச் சம்மதம் சேர்க்கைப் படிவத்திலேயே இருக்கலாம், கையெழுத்துப் போடும் முன் முழுதாகப் படியுங்கள். வேதபாட வகுப்பில் உட்கார்ந்தாலே மகள் மாறிவிட மாட்டாள். மாறினாலும் அது வளர்ந்தபின் அவளே எடுக்கிற முடிவாக இருக்கட்டும்.

கேள்வி: ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் என் ஸ்பான்சருக்குக் கடிதம் எழுதுகிறேன். 'இயேசு என் வாழ்க்கையில் செய்தது' என்று எழுதச் சொல்கிறார்கள். எனக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. பொய் எழுதலாமா?
- பிளஸ் ஒன் மாணவர், திருநெல்வேலி

பதில்: வேண்டாம் தம்பி. கணக்கில் எவ்வளவு எடுத்தாய், அம்மா எப்படி இருக்கிறார், விடுதியில் யார் உனக்கு நண்பன், இதையெல்லாம் எழுது. ஜெபத்தில் உட்கார்கிறேன், இன்னும் புரியவில்லை என்றும் எழுது. உண்மையான விசுவாசி அந்த வரியைத்தான் இரண்டு முறை படிப்பார், உனக்காக ஜெபிக்கவும் செய்வார். விடுதிப் பொறுப்பாளர் முகம் சுளித்தால், உனக்குப் பிடித்த ஆசிரியர் ஒருவரிடம் போய்ச் சொல். நன்றி சொல்வது உன் கடமைதான், ஆனால் நீ நம்பாததை நம்புகிறேன் என்று எழுதுவது நன்றியில் சேராது.

கேள்வி: ஆதிதிராவிடர் பிரிவைச் சேர்ந்தவள் நான். சபைப் பள்ளியில் படித்து மனமார விசுவாசித்து ஞானஸ்நானம் எடுக்க நினைக்கிறேன். உதவித்தொகை போய்விடுமா?
- ஒரு மாணவி, விழுப்புரம்

பதில்: 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்து, சீக்கிய, பௌத்த மதத்தவர் மட்டுமே பட்டியல் சாதியினர். ஞானஸ்நானத்துக்குப் பிறகு தமிழ்நாட்டில் நீங்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போவீர்கள், எஸ்.சி. இடஒதுக்கீடு கிடைக்காது. சேரியில் வீடு அப்படியே இருக்க, சான்றிதழ் மட்டும் மாறுவது அநியாயம் என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனால் மேற்படிப்பு உதவித்தொகையை மதம் மாறிய கிறிஸ்தவ ஆதிதிராவிடர்களுக்கும் தமிழக அரசு கொடுக்கிறது, வருமான வரம்பு உண்டு. மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகத்தில் இந்த ஆண்டு விதியைக் கேட்டுவிட்டு, அப்புறம் போதகரிடம் தேதி கேளுங்கள்.