கணினியில் நுழையும்போதே சாவிக்கொத்தும் திறக்க வேண்டுமானால்

ஹட்டனில் தொடர்பாடல் நிலையம் நடத்தும் வாசகி ஒருவர் கேட்கிறார்: "மழைக்காலத்தில் மின்சாரம் அடிக்கடி போய் வருவதால், கணினியைப் போட்டவுடன் கடவுச்சொல் கேட்காமலே திரை வரும்படி உபுண்டு இயங்குதளத்தில் மாற்றி வைத்தேன். அன்றிலிருந்து குரோமைத் திறந்தால், சாவிக்கொத்து பூட்டியிருப்பதாகச் சொல்லி அதற்குக் கடவுச்சொல் கேட்கிறது. இதை நிறுத்த முடியுமா?"

முடியும். அதற்கு நீங்கள் செய்து வைத்த மாற்றத்தைத் திரும்ப எடுக்க வேண்டும்.

குரோம் தான் சேமித்த கடவுச்சொற்களைப் பிறர் படிக்க முடியாதபடி மறைகுறியாக்கி வைத்து, அவற்றைத் திறக்கும் சாவியை, இரகசியங்களைப் பூட்டி வைக்கும் க்னோம் கீரிங் என்னும் சாவிக்கொத்தில் ஒப்படைக்கிறது. நுழைவுத் திரையில் நீங்கள் தட்டச்சு செய்யும் கடவுச்சொல்லை, பயனரைச் சரிபார்க்கும் 'பாம்' என்ற பகுதி கீரிங்குக்கும் கொடுப்பதால்தான் 'லாகின்' என்ற பெயருள்ள சாவிக்கொத்து தானாகத் திறக்கிறது. கணினி உங்கள் கடவுச்சொல்லை அப்படியே வைத்திருப்பதில்லை. சரிபார்ப்பதற்கு மட்டும் உதவும், திரும்ப மீட்க முடியாத வடிவமொன்றையே வைத்திருக்கிறது. ஆகவே யாரும் தட்டச்சு செய்யாமல் நுழையும்போது கீரிங்குக்குக் கொடுக்க அதனிடம் எதுவும் இருப்பதில்லை. கைரேகை வைத்து நுழைபவர்களுக்கும் இதே காரணத்தால் இதே கேள்வி வருகிறது.

சாவிக்கொத்தின் கடவுச்சொல்லை வெறுமையாக விட்டுவிடும்படி பலர் ஆலோசனை சொல்வார்கள். கேள்வி நின்றுவிடும் என்பது உண்மைதான், ஆனால் அதிலுள்ளவை மறைகுறியாக்கம் இன்றி வன்தட்டில் கிடக்கும். பலர் வந்து போகும் கடையொன்றில், வங்கிக் கணக்கும் மின்னஞ்சலும் திறக்கும் கணினிக்கு இதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

அமைப்புகளில் பயனர் பகுதிக்குச் சென்று தானியங்கி நுழைவை நிறுத்துங்கள். மின்சாரம் வந்தபின் ஒரு தடவை கடவுச்சொல் கொடுத்தால், கணினியும் சாவிக்கொத்தும் சேர்ந்தே திறக்கும்.

அதன் பின்னும் கேட்டால், இரண்டின் கடவுச்சொற்களும் வேறுபட்டிருக்கின்றன என்று பொருள். நீங்களாக அமைப்புகளில் கடவுச்சொல்லை மாற்றினால் வழக்கமாகச் சாவிக்கொத்தும் கூடவே மாறிவிடும். திருத்துநர் ஒருவர், பழுதுபார்ப்பதற்கென உள்ள மீட்பு முறையில் நுழைந்து மாற்றிக் கொடுத்திருந்தால், சாவிக்கொத்து பழைய கடவுச்சொல்லிலேயே நின்றுவிடும். அப்போது சீஹார்ஸ் என்ற செயலியை நிறுவி, 'லாகின்' மீது வலது சொடுக்கு செய்து, பழைய கடவுச்சொல்லைக் கொடுத்து, இப்போதைய நுழைவுக் கடவுச்சொல்லையே புதியதாக இடுங்கள். பழையது அடியோடு மறந்துவிட்டால் அந்தச் சாவிக்கொத்தை அழித்துப் புதியது உருவாக்குவதைத் தவிர வேறு வழியில்லை. அதோடு குரோம் இக்கணினியில் சேமித்தவையும் படிக்க முடியாமல் போகும் என்பதால், அவை உங்கள் கூகுள் கணக்கில் ஒத்திசைந்திருக்கின்றனவா என்று பார்க்காமல் தயவுசெய்து அழிக்க வேண்டாம்.

க்னோமுக்குப் பதில் கேடிஈ என்ற திரைச்சூழலைப் பயன்படுத்துபவர்களுக்கு, அதன் சாவிக்கொத்தான கேவாலட்டில் பெட்டகத்தின் பெயர் 'கேடிஈவாலட்' என்றே இருந்து, மறைகுறியாக்க ஜிபிஜிக்குப் பதில் புளோஃபிஷ் முறை தெரிவு செய்யப்பட்டு, நுழைவுக் கடவுச்சொல்லே அதற்கும் இருந்தால்தான் தானாகத் திறக்கும்.

திறந்த சாவிக்கொத்து நீங்கள் வெளியேறும் வரை திறந்தே இருக்கும். எனவே இருக்கையை விட்டு எழும்போது விண்டோஸ் குறியுள்ள விசையுடன் எல் விசையை அழுத்தித் திரையைப் பூட்டுங்கள்; பரீட்சைப் பெறுபேறு பார்க்கவும் விண்ணப்பம் நிரப்பவும் வருபவர்களுக்கு, உங்கள் சாவிக்கொத்தோடு தொடர்பில்லாத தனிப் பயனர் கணக்கொன்றை உருவாக்கிக் கொடுங்கள்.