ஐ.ஜி.எம். இன்னும் பொசிட்டிவ்: செங்கமாரி போகவில்லையா?

ஹட்டன் பக்கத் தோட்டமொன்றிலிருந்து ஒரு தாய் கேட்கிறார்: “7 வயது மகளுக்கு இரண்டு மாதத்துக்கு முன் செங்கமாரி. ஹெப்படைட்டிஸ் ஏ ஐ.ஜி.எம். பொசிட்டிவ் என்றார்கள். இப்போது கண் வெளுத்துவிட்டது, நன்றாகச் சாப்பிடுகிறாள். ஆனாலும் திரும்பச் சோதித்தபோது பொசிட்டிவ்தான். 4 வயதுத் தம்பிக்கு ஐ.ஜி.எம். நெகட்டிவ், ஐ.ஜி.ஜி. பொசிட்டிவ், அவனுக்கு நோயே வரவில்லையே! மகளை ஸ்கூலுக்கு அனுப்பலாமா?”

தாராளமாக அனுப்புங்கள், அம்மா. பொதுவாக மஞ்சள் தெரிந்து ஒரு வாரத்துக்குப் பிறகு இந்த நோய் மற்றவர்களுக்குத் தொற்றுவது குறைந்துவிடும்.

இந்தச் சோதனை, செங்கமாரியைக் கொண்டுவரும் ஹெப்படைட்டிஸ் ஏ வைரஸைத் தேடுவதில்லை; அதை எதிர்த்து உடம்பு உண்டாக்கிய பிறபொருளெதிரியைத் தேடுகிறது. ஐ.ஜி.எம். முதலில் வருவது. கண் மஞ்சளாகும்போதே இரத்தத்தில் இருக்கும். பிள்ளை தேறிய பிறகும் 3 முதல் 6 மாதம், சிலருக்கு அதற்கு மேலும் நிற்கும். அதனால் எந்த வைரஸால் வந்த செங்கமாரி என்று அறிய அது நல்ல சோதனை. சுகமாகிவிட்டதா என்று அறிய உதவாது. இரண்டாம் தடவை கொடுத்த காசு மிச்சமாகியிருக்கும். முதல் ரிப்போர்ட்டைத் தந்தபோதே யாராவது இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

சுகத்தைப் பிள்ளையிடமே பார்க்கலாம். பசி எடுக்கிறதா, பிளேன்டீ நிறத்தில் போன சிறுநீர் தெளிந்துவிட்டதா? தேவையென்றால் டாக்டர் இரத்தத்தில் மஞ்சள் நிறத்தைத் தரும் பிலிருபினும், ஈரல் பாதிப்பைக் காட்டும் எஸ்.ஜி.பி.டி.யும் எவ்வளவு என்று பார்ப்பார். சிலருக்குச் சில வாரம் கழித்து மஞ்சள் திரும்பவும் தலைகாட்டும். அப்போது காட்டுங்கள், பெரும்பாலும் அதுவும் அடங்கிவிடும். ஆனால் பிள்ளை தூங்கி வழிந்தால், பேச்சு குழறினால், வாந்தி நிற்காவிட்டால், முரசில் இரத்தம் கசிந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். ஈரல் தாங்குகிறதா என்பதை அங்கே இரத்தம் உறையும் வேகத்தைப் பார்க்கும் ஐ.என்.ஆர். சோதனை காட்டும்.

அப்புறம் சின்னவன். அவனுக்குப் பொசிட்டிவான ஐ.ஜி.ஜி., ஐ.ஜி.எம். மறைந்த பிறகும் இரத்தத்தில் நிலைத்து நிற்கும் பிறபொருளெதிரி. தடுப்பூசி போடாதவன் என்றால், அவனுக்கும் இது வந்து போயிருக்கிறது. 6 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் பெரும்பாலானோருக்குக் கண் மஞ்சளாவதே இல்லை. இனி இந்த வைரஸ் அவனை அண்டாது. ஆனால் இப்படி வெளியே தெரியாமல் வந்து போகும் பிள்ளைகளின் மலத்திலும் வைரஸ் இருக்கும். ஒரே பீலியில் முழு லயமும் தண்ணீர் பிடிக்கும் இடத்தில் எனக்குக் கவலை அதுதான். கக்கூசுக்குப் போய்வந்தால் சவர்க்காரம் போட்டுக் கை கழுவப் பழக்குங்கள், தண்ணீரைக் கொதிக்கவைத்தே கொடுங்கள்.

மலையில் தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடுமே, அது போதுமா என்று சிலர் கேட்பார்கள். நுவரெலியா உயரத்தில் சுமார் 94 பாகையில் கொதிக்கும். இந்த வைரஸுக்கு 85 பாகையில் ஒரு நிமிடம் போதும். நன்றாகக் கொதி வந்ததும் ஒரு நிமிடம் விட்டு இறக்கி, மூடியே ஆறவிடுங்கள்.