கஞ்சாக் கடைக்கு நகர மன்றம் அனுமதி மறுத்தது: வழக்குத் தொடரலாமா?

கேள்வி: லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியிலுள்ள சிறு நகரம் ஒன்றில், பொழுதுபோக்குப் பயன்பாட்டுக்கான கஞ்சா விற்பனைக் கடை தொடங்க நண்பருடன் எல்.எல்.சி. (வரையறுத்த பொறுப்புள்ள) நிறுவனம் அமைத்து, 30 விழுக்காடு பங்குக்கு 1,50,000 டாலர் போட்டிருக்கிறேன். நகரத்தின் பிளானிங் கமிஷன் கண்டிஷனல் யூஸ் பெர்மிட் (நிபந்தனைகளுடன் அந்த இடத்தில் தொழில் நடத்தும் அனுமதி) கொடுத்தது. அக்கம்பக்கத்தார் மேல்முறையீடு செய்ததும் சிட்டி கவுன்சில் அதை ரத்து செய்துவிட்டது. அடுத்த தெருவில் இன்னொருவருக்கு அதே கவுன்சில்தான் அனுமதி கொடுத்தது. கவுன்சிலர் ஒருவர் எங்களுக்கு வாக்குக் கொடுத்து ஏமாற்றினார். விசாரணையில் எங்கள் பிறப்பிடத்தைக் குறித்தும் ஏளனமாகப் பேசினார்கள். பூட்டிய கடைக்கு வாடகை ஓடுகிறது. வழக்குத் தொடருவோம், நிர்வாகி என்ற முறையில் நீ கையெழுத்திடு என்கிறார் அமெரிக்கக் குடிமகனான நண்பர். எனக்குக் கிரீன் கார்டு. அடுத்த ஆண்டு குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். என்ன செய்வது?

பதில்: உங்கள் கடிதத்தின் பெரும்பகுதி கவுன்சிலைப் பற்றியது. சட்டப்படி உங்கள் தலைவிதியைத் தீர்மானிக்கும் செய்தியோ கடைசிக்கு முந்தைய வரியில், போகிற போக்கில் வருகிறது: நீங்கள் இன்னும் குடிமகன் இல்லை.

மனக்குறைகளைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். கவுன்சிலரின் வாய்வார்த்தை நகரத்தைக் கட்டுப்படுத்தாது. அடுத்த தெருக்காரருக்குக் கிடைத்த அனுமதி உங்களுக்கு எந்த உரிமையையும் உண்டாக்காது. ஏளனப் பேச்சு கண்டிக்கத்தக்கதுதான். ஆனால் கவுன்சிலின் முடிவுக்கு வேறு காரணங்கள் பதிவாகியிருந்தால் ஏளனத்தை மட்டும் வைத்து அந்த முடிவை மாற்ற முடியாது. பொழுதுபோக்குக் கஞ்சாவைக் கலிஃபோர்னியாவில் சட்டபூர்வமாக்க 2016 நவம்பரில் வாக்காளர்கள் நிறைவேற்றிய 64-ஆம் முன்மொழிவே கஞ்சாக் கடைகளை அடியோடு தடைசெய்யும் அதிகாரத்தை உள்ளூர் ஆட்சிகளுக்கு விட்டுவைத்தது. அதற்கு முன்பே, 2013-இல், ரிவர்சைட் நகரத்தின் வழக்கில் மருத்துவக் கஞ்சா நிலையங்களுக்கு இட்ட தடையையும் மாநில உச்ச நீதிமன்றம் செல்லும் என்று சொல்லியிருக்கிறது. அத்தனை அகலமான அதிகாரத்தோடு மோதி வெல்வது அரிது. மோதுவதாயிருந்தால், முடிவு வெளியான 90 நாளுக்குள் நீதிமன்றத்தில் மனுவைத் தாக்கல் செய்வதோடு, அதன் படியை முறைப்படி நகரத்திடம் சேர்ப்பித்தும் முடித்திருக்க வேண்டும். கவுன்சிலரைச் சமாதானப்படுத்திவிடலாம் என்று வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் அலைந்தே அந்தக் கெடுவைக் கோட்டைவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அது உங்கள் நண்பர் கவலைப்பட வேண்டிய கெடு.

உங்கள் கவலை வேறு. கலிஃபோர்னியா எதை அனுமதித்தாலும், கூட்டாட்சியின் குடியேற்றச் சட்டம் மாநில உரிமத்தைக் கணக்கில் கொள்வதில்லை. கட்டுப்படுத்தப்பட்ட பொருளின் (கூட்டாட்சிச் சட்டப்படி கஞ்சாவும் அதில் அடக்கம்) வணிகத்தில் ஈடுபட்டவர், அதற்கு அறிந்தே துணைநின்றவர், கூட்டுச் சேர்ந்தவர் என்று நம்ப அதிகாரிக்குக் காரணம் இருந்தாலே, அந்தச் சட்டத்தின் 212(ஏ)(2)(சி) பிரிவு அவரை நாட்டுக்குள் நுழையத் தகுதியற்றவராக்குகிறது. தண்டனை வேண்டாம், கைதுகூட வேண்டாம். கஞ்சாத் தொழிலில் வேலை பார்ப்பதே குடியுரிமைக்கு வேண்டிய நன்னடத்தையை மறுக்கக் காரணமாகலாம் என்று குடியேற்றத் துறை 2019 ஏப்ரலில் எழுத்தில் வெளியிட்டது. கொலராடோவில் மாநிலச் சட்டப்படி அந்தத் தொழிலில் வேலை செய்தவர்களுக்கே குடியுரிமை மறுக்கப்பட்டதும் அப்போது செய்தியானது.

இப்போது அந்தக் கையெழுத்துக்கு வருகிறேன். இத்தகைய மனு, பொய்ச்சாட்சியத் தண்டனைக்கு உட்பட்டு உறுதிமொழியுடன் தாக்கலாக வேண்டியது. அதில் நீங்கள் ஒப்பமிட்டால், கஞ்சா விற்கும் நிறுவனத்தின் உரிமையாளர் நான், அதை நடத்தத் தீர்மானித்திருந்தேன் என்று நீங்களே சத்தியம் செய்து, யார் வேண்டுமானாலும் படிக்கக்கூடிய நீதிமன்றக் கோப்பில் வைக்கிறீர்கள். குடியுரிமைக்கான என்-400 படிவமோ, கைதாகாவிட்டாலும் ஏதேனும் குற்றம் செய்ததுண்டா, செய்ய ஒப்புக்கொண்டதுண்டா, உதவியதுண்டா, முயன்றதுண்டா என்று கேட்கிறது. ‘ஆம்’ என்றால் நீண்ட விளக்கம் தர வேண்டும்; ‘இல்லை’ என்றால் அந்த மனுவே உங்களுக்கு எதிரான சான்றாகும். மாநில விதிகளின்படி 20 விழுக்காடும் அதற்கு மேலும் வைத்திருப்பவர் உரிமையாளர். ஆகவே நகரத்துக்குக் கொடுத்த விண்ணப்பத்திலும் உங்கள் பெயர் ஏற்கெனவே இருக்கும் என்று கொள்கிறேன். அதை இனி அழிக்க முடியாது. அதன் மேல் இன்னொன்றை எழுதாமல் இருக்கலாம்.

உங்களுக்குச் சாதகமாக ஒரே ஓர் உண்மை இருக்கிறது: கடை திறக்கவில்லை, ஒரு கிராம்கூட விற்கவில்லை, ஒரு டாலர்கூட லாபம் வரவில்லை. முயற்சி, கூட்டுச்சதி என்று வாதிட அப்போதும் இடமுண்டு என்றாலும், திறக்காத கடையிலிருந்து விலகியவருக்கும் இரண்டு ஆண்டு விற்று லாபம் பகிர்ந்தவருக்கும் உள்ள வேறுபாடு மிகப் பெரியது. நீங்கள் வழக்கில் வென்று அனுமதி பெற்றால் இந்தச் சாதகத்தை உங்கள் கையாலேயே கெடுத்துக்கொள்கிறீர்கள். கவுன்சில் தன்னை அறியாமலே உங்களுக்கு நல்லது செய்திருக்கிறது என்று சொன்னால் கோபப்படுவீர்கள். இருந்தாலும் சொல்லித்தான் ஆக வேண்டியிருக்கிறது.

எனவே நண்பருடன் சமரசம் செய்துகொண்டு நிறுவனத்திலிருந்து வெளியேறுங்கள், நட்டத்தோடாவது. இந்த இடத்தில்தான் நம்மவர்கள் வழுக்கி விழுகிறார்கள். முதல் வழுக்கல், பங்கை மனைவி பெயருக்கு மாற்றுவது. அவரும் கிரீன் கார்டுக்காரர் என்றால் அதே வலையில் அவரையும் சேர்க்கிறீர்கள். தவிர, மேலே சொன்ன பிரிவு, அந்த வணிகத்தால் கடந்த ஐந்து ஆண்டுக்குள் பொருளாதாரப் பயன் பெற்ற, அந்தப் பயன் எங்கிருந்து வந்தது என்று அறிந்த அல்லது அறிந்திருக்க வேண்டிய வாழ்க்கைத் துணையையும் பிள்ளைகளையும்கூடத் தொடுகிறது. இரண்டாவது வழுக்கல்: சிலர் பங்கைக் கடனாக மாற்றி, கடை திறந்த பின் மாதாமாதம் வசூலிலிருந்து வாங்கிக்கொள்ளலாம் என்று ஒப்பந்தம் எழுதிக்கொள்கிறார்கள். நண்பர்கள் இதைத் தாராளம் என்று நினைத்து முன்வைப்பார்கள். ஆனால் கடை வசூலிலிருந்து வரும் ஒவ்வொரு காசோலையும் போதைப்பொருள் விற்ற பணம் என்ற பேச்சுக்கு இடம் தரும். நீங்கள் விலகவே இல்லை என்பதற்கு மாதம் ஒரு சான்றும் ஆகும். 1,50,000 கேட்டு ஐந்தாண்டு வசூலை எதிர்பார்ப்பதைவிட, நண்பரின் சொந்தப் பணத்திலிருந்து 80,000 டாலரை ஒரே தவணையில் வாங்கிக்கொண்டு வெளியேறுவது மேல். அவர் ஒப்பந்தத்தை மீறினால் கலிஃபோர்னியா நீதிமன்றத்தில் வழக்காட வழி உண்டு. கூட்டாட்சியின் திவால் நீதிமன்றம் இத்தொழிலுக்குப் பெரும்பாலும் கதவடைத்தே வைத்திருப்பதால், நிறுவனம் நொடித்த பின் அங்கே போய் நிற்கலாம் என்று மட்டும் எண்ண வேண்டாம்.

வாடகை ஒப்பந்தத்தில், நிறுவனம் கட்டாவிட்டால் நானே கட்டுவேன் என்று நீங்கள் தனிப்பட்ட பொறுப்புறுதி கொடுத்திருக்கிறீர்களா என்று கடிதத்தில் இல்லை. கொடுத்திருந்தால், பங்கை விற்பதால் அது நீங்காது. கட்டட உரிமையாளர் எழுத்தில் விடுவிக்க வேண்டும். பங்கு ஒப்பந்தமும் அந்த விடுவிப்பும் ஒரே நாளில் கையெழுத்தாக வேண்டும் என்று பிடிவாதமாக நில்லுங்கள். நிறுவன நிர்வாகி பொறுப்பிலிருந்து விலகியதை நகரத்துக்கும் எழுத்தில் தெரிவித்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையுடன் ஒரு படியை வைத்துக்கொள்ளுங்கள்.

விலகிய உடனே குடியுரிமைக்கு விண்ணப்பிக்க ஓட வேண்டாம். நன்னடத்தை பார்க்கப்படும் காலம் பொதுவாக ஐந்து ஆண்டு என்பதால், இந்த ஆவணங்களையெல்லாம் குடியேற்றச் சட்டம் மட்டுமே பார்க்கும் வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டி, எப்போது விண்ணப்பிப்பது என்பதை அவரைத் தீர்மானிக்கச் சொல்லுங்கள். அவர் பார்த்து முடிக்கும் வரை ஊருக்குப் போகும் பயணத்தையும் தள்ளிவையுங்கள். திரும்பி வரும்போது விமான நிலைய அதிகாரி உங்களைப் புதிதாக நுழைவு கோருபவராக நடத்த முடியும்; அப்போது மேலே சொன்ன தகுதியின்மைப் பிரிவு உங்கள் மேல் பாயும். நண்பரிடம் இன்றே சொல்ல வேண்டியது, மனுவில் உங்கள் கையெழுத்து இருக்காது என்பது. 90 நாள் கெடுவுக்குள் வேறு நிர்வாகியை நியமித்துக்கொள்ள அவருக்கும் நேரம் வேண்டும்.