லீட்கோடில் 500 கணக்குகள் போட்டும் பயம் ஏன்?

உங்கள் மகள் நிரல் எழுதிப் பழகும் லீட்கோட் தளத்தில் ஐந்நூறு கணக்குகள் முடித்துவிட்டாள், ஆனாலும் மென்பொருள் வேலைக்கான நேர்காணல் என்றாலே நடுங்குகிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். சிறப்புப் பயிற்சிக்கு எண்பதாயிரம் கட்டலாமா என்றும் கேட்கிறீர்கள். கட்ட வேண்டாம் அம்மா. அவளிடம் கணக்குக்குக் குறைவில்லை. வாய்விட்டுப் போடும் பழக்கம்தான் இல்லை.

கூகுள், அமேசான் போன்ற நிறுவனங்களில் ஒரு சுற்று முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் வரை நடக்கும். எதிரே இருப்பவர் பெரும்பாலும் அங்கேயே வேலை பார்க்கும் பொறியாளர். இவளோடு உட்கார்ந்து வேலை செய்ய முடியுமா என்றுதான் அவர் பார்க்கிறார். எண்களின் பட்டியலைக் கொடுத்து, கூட்டினால் குறிப்பிட்ட தொகை வரும் இரண்டு எண்களைக் கேட்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். உடனே எழுதத் தொடங்கக் கூடாது. ஒரே எண் இருமுறை வருமா, விடையே இல்லையென்றால் என்ன தருவது என்று முதலில் கேட்க வேண்டும். பிறகு எளிய வழியைச் சொல்லலாம்: ஒவ்வோர் எண்ணையும் மற்ற எல்லாவற்றுடனும் கூட்டிப் பார்ப்பது. பத்து லட்சம் எண்கள் இருந்தால் அது சுமார் 50,000 கோடி ஜோடிகள். பார்த்த எண்களை, தேடியதைச் சட்டென்று எடுத்துத் தரும் ஹேஷ் அட்டவணையில் போட்டுக்கொண்டே, ஒவ்வோர் எண்ணுக்கும் வேண்டிய ஜோடி அதில் ஏற்கெனவே இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே போனால், பட்டியலை ஒருமுறை கடந்தாலே விடை கிடைத்துவிடும். அதற்கு நினைவகம் கூடுதலாகச் செலவாகும் என்பதையும் அவளே சொல்லிவிட வேண்டும். இவ்வளவையும் மனதுக்குள் யோசித்துவிட்டு விடையை மட்டும் நீட்டினால், மனப்பாடமோ என்ற சந்தேகம் வரும்.

எனவே தினமும் ஒரே ஒரு கணக்கு, தாளில், கடிகாரம் வைத்து, உரக்கச் சொல்லிக்கொண்டே. எதிரே நீங்களே உட்காருங்கள். உங்களுக்குக் கணினி தெரியாதது நல்லதுதான்! அவள் மௌனமானால் "என்ன யோசிக்கிறாய்?" என்று கேட்டால் போதும். தமிழ் வழியில் படித்தவள் என்கிறீர்கள். முதல் வாரம் தமிழிலேயே சொல்லட்டும், பிறகு சின்னச் சின்ன ஆங்கில வாக்கியங்களுக்கு மாறட்டும்.

அடிப்படையே ஆட்டம் கண்டால், ஐஐடிகளின் இணையப் பாடத் தளமான என்பிடெல்லில், சென்னை கணிதவியல் கழகத்தின் பேராசிரியர் மாதவன் முகுந்த் பைத்தான் என்ற கணினி மொழியில் நடத்தும் நிரலாக்கப் பாடங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன.

அமேசானுக்கென்று தனியாக ஒரு வேலை உண்டு. அவர்களுடைய 16 தலைமைப் பண்புகளை ஒட்டி, "குழுவில் கருத்து வேறுபாடு வந்தபோது என்ன செய்தீர்கள்?" என்பதுபோல் கேட்பார்கள். கல்லூரி புராஜெக்டிலிருந்து ஐந்தாறு உண்மைச் சம்பவங்களைத் தயாராக வைத்திருக்கட்டும். நம் பிள்ளைகள் அடக்கமாக "நாங்கள் செய்தோம்" என்றே சொல்லிப் பழகியவர்கள். அங்கே அவள் செய்தது எது என்று தெரிய வேண்டும்.

சுயவிவரக் குறிப்பில் ஆறு கணினி மொழிகளை எழுதியிருக்கிறாள். கேள்வி கேட்டால் தாக்குப்பிடிக்கும் இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை அடித்துவிடச் சொல்லுங்கள்.